ரவாங்கில் இன்னும் ஒருவர்

2025 ஜனவரி 13, திங்கட்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். குளித்து, விளக்கேற்றி, கோப்பி கலந்து குடித்தேன். 5.25க்கு வீட்டைப் பூட்டினேன். 5.40க்கு மையத்தின் இரும்புக் கதவைத் திறந்தேன். முதல் பிரிவில் நோயாளிகள் பன்னிரண்டு பேர். பதினொருவர் வந்தார்கள், ஒருவருக்குக் காய்ச்சல். பகலுக்குத் தயிர்ச்சோறு, எலுமிச்சை ஊறுகாய். 2.30க்கு, மறுநாள் வர வேண்டியவர்களுக்கு நினைவூட்டல் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தேன். சேர்ந்திருந்தது. மழை 3.15க்குத் தொடங்கி 3.50க்கு நின்றது. 4.10க்கு அவர் வந்தார்.

நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இந்த வரி வரைக்கும் மற்ற நாள்களைப் போலவே இருக்கிறது. மற்ற நாள்களுக்கு எனக்கு ஐந்தாறு வரி போதும். அவர் வந்த நாள்களில் மட்டும் எழுத்து பக்கத்தின் அடிவரை போய், சில சமயம் ஓரத்திலும் ஏறியிருக்கும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் எழுதிய கணினி நிரலிலேயே அவர் பெயர் எங்கும் இல்லாதபோது நான் எழுதுவது சரியாக இருக்காது. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

நான் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் முறைநாள்களைக் கணினியில் போடுவது என் பொறுப்பு. ஒருவர் திங்கள், புதன், வெள்ளி வருவார். இன்னொருவர் செவ்வாய், வியாழன், சனி. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்று விடுமுறை வந்தால் நாள்களை ஒன்று தள்ள வேண்டும். தவறாகத் தள்ளினால் ஒரு மனிதர் வீங்கிய காலோடு பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நிற்பார். இந்தத் தள்ளலைச் செய்யும் அட்டவணையை நானே பழகி எழுதினேன். எந்த நாள் விடுமுறை என்று அந்த அட்டவணைக்குச் சொல்வது மட்டும் அவருடைய நிரல்.

அதை அவர் இணையத்தில் பொதுவில் வைத்திருந்தார். ஒரு தேதியையும் ஒரு மாநிலத்தின் பெயரையும் கொடுத்தால், அன்று அங்கே விடுமுறையா இல்லையா என்று சொல்லும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தங்கள் கணினியில் பொருத்திக்கொள்ளலாம். அவரிடம் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். திறந்த மூல மென்பொருள் என்றால் அப்படித்தான். ஆனால் அவருக்கு அதில் ஒரு பாதிதான் சம்மதம்.

"எடுக்கிறவங்க சொல்ல வேண்டாம்மா. மாத்துறவன் சொல்லணும்லா," என்பார்.

அவரிடம் இருந்த குணம் அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். எதை மாற்றுவதானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். நேரில் வந்து சொல்லுவார்.

முதல் தடவை வந்தது 2024 ஜூன் 10. எங்கள் தாதி மேரி என் மேசைக்கு வந்து, "அக்கா, யாரோ ஒரு அங்கிள் பத்திரிக்கை வைக்க வந்திருக்காரு," என்றாள். எட்டிப் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். ஒல்லி. சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி, பிளாஸ்டிக் கோப்பு ஒன்றைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு நின்றார். கையில் வெள்ளை உறை. அதன் மூலையில் மஞ்சள்.

மேரி விடவில்லை. "அங்கிள், கல்யாணம் மகனுக்கா மகளுக்கா?"

"எனக்குப் பிள்ளைங்க இல்லம்மா. வெர்ஷன் மூணு வருது."

"ஆ?"

"விடுமுறை புரோகிராம். பழைய மாதிரி கேட்டா இனிமே பதில் வராது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

மேரி என்னைப் பார்த்தாள். நான் அவருக்கு நாற்காலியைக் காட்டினேன். உறையின் இரண்டு மூலைகளில் மட்டும்தான் மஞ்சள் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கோயில் ஐயர்கிட்ட கேட்டேன்மா. நல்ல சேதின்னா மஞ்சள் வை, துக்கமான சேதின்னா வைக்காதன்னாரு. இது ரெண்டும் கலந்தது. அதான் ரெண்டு மூலை."

அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். நான் சிரித்தேன். அந்த மாதம் முழுவதிலும் நான் சிரித்ததாக நாட்குறிப்பில் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

மாற்றம் இதுதான். பழைய நிரலில் மாநிலத்தின் பெயரைச் சொல்லாமல் கேட்டாலும் பதில் வரும். சிலாங்கூர் என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். சரவாக்கில் ஒருவர் அப்படிக் கேட்டு, அங்கே விடுமுறையே இல்லாத தீபாவளியன்று கடையைச் சாத்திவிட்டார். அன்றிலிருந்து அது அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது. மூன்றாம் பதிப்பில், எந்த மாநிலம் என்று சொல்லாவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பழைய பழக்கத்தில் எழுதிய எல்லாமும் அதோடு நின்றுபோகும். கணினிக்காரர்கள் இதை பிரேக்கிங் சேஞ்ச் என்பார்கள். மற்றவர்கள் இணையத்தில் ஓர் அறிவிப்பு எழுதிவிட்டு வெளியிட்டுவிடுவார்கள். படித்தவர்கள் தப்பித்தார்கள், படிக்காதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இவர் தமக்கு எப்போதாவது கடிதம் எழுதியவர்கள், சந்தேகம் கேட்டவர்கள், திட்டியவர்கள் எல்லோருடைய பெயரையும் குறித்து வைத்திருந்தார். முப்பத்தேழு பேர். ஒரு முறை சந்தேகம் கேட்டு எழுதிய நானும் அதில் ஒருத்தி. தூரத்தில் இருந்தவர்களுக்குத் தொலைபேசி. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு நேரில், பத்திரிக்கை வைப்பதுபோல.

"போன்ல சொன்னா கல்யாணத்துக்கே வரமாட்டாங்க. இதுக்கு எப்படிம்மா வருவாங்க?"

மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர் உள்ளே விடாததால் வெளியேறும் லோரிகளைப் பார்த்தபடி வாசலில் ஒரு மணி நேரம் நின்று, உரியவர் வெளியே வந்ததும் சொல்லிவிட்டு வந்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீன முதலாளி மஞ்சள் தடவிய உறையைப் பார்த்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து அன்பளிப்புப் பணம் வைத்த சிவப்பு உறை, ஒரு ஆங் பாவ், எடுத்து அவர் கையில் வைத்து வாழ்த்தினார். எவ்வளவு விளக்கியும் திருப்பி வாங்க மறுத்துவிட்டாராம். "பாஸ் கடைசி வரைக்கும் பொண்ணு யாருன்னே கேட்டாரு," என்றார் அண்ணன்.

அன்று என் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் அட்டவணையை வரிவரியாகப் பார்த்தார். மாநிலத்தின் பெயர் சொல்லாமல் கேட்கும் இடங்களை எண்ணினார். உறையின் பின்புறம் 7 என்று எழுதி வட்டம் போட்டார். "உங்களுக்கு ஏழு இடம்மா. பத்து நிமிஷ வேலை. இப்பவே மாத்தி வெச்சிட்டா வர்ற அன்னைக்கு ஒண்ணும் ஆகாது." பிறகு எழுந்து நின்று, உறையை இரண்டு கையாலும் கொடுத்தார். ஒரே வாசகத்தை எல்லோரிடமும் சொல்லுவார் என்று பிறகு தெரிந்தது: "வெர்ஷன் மூணு வருது. மாநிலத்தைச் சொல்லாம கேட்டா இனிமே பதில் வராது. தயாரா இருங்க. எப்ப வெளியிட்டா உங்களுக்குச் சௌகரியம்?"

என்னிடம் யாராவது என் சௌகரியத்தைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். செப்டம்பர் என்றேன். அவரும் அதையே நினைத்திருந்தார். அடுத்த ஆண்டின் விடுமுறைகள் அதற்குள் தெரிந்துவிடும். எல்லோருக்கும் மூன்று மாதம் கிடைக்கும். எந்தப் பெரிய மாற்றத்தையும் அவர் ஜனவரியில் வெளியிடுவதில்லை. புது நாள்காட்டியோடு எல்லோரும் மல்லுக்கட்டும் நேரம். திங்கட்கிழமையும் கிடையாது, எல்லோருடைய தொலைபேசியும் மும்முரமாக இருக்கும். வியாழன் வெளியிட்டால் ஏதாவது உடைந்தால் சரிசெய்ய ஒரு நாள்தான் மிஞ்சும். வெள்ளி பகல் தொழுகை நேரம், அலுவலகங்களில் ஆள் இருக்காது. ஆகவே செவ்வாய், காலை ஒன்பது மணி. செப்டம்பர் முதல் செவ்வாய், மூன்றாம் தேதி என்று முடிவானது.

அவர் வேலை அன்றே முடிந்துவிட்டது. மறுபடி வருவதற்குக் காரணம் இல்லை. ஆனால் அவருடைய விடுமுறைப் பட்டியலில் ஒரு தேதி தவறாக இருப்பதைப் பிறகு நான் சுட்டிக்காட்டியிருந்தேன். அதற்கு நன்றி சொல்ல ஜூலை 8ஆம் தேதி வந்தார். அதுவும் இரண்டாவது திங்கட்கிழமை. மையத்துக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். அவருக்கு சீனியும் பாலும் இல்லாத தேநீர், தே ஓ; எனக்கு கோப்பி. அப்போதுதான் கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சும்மா. ஒருத்தரைத் தவிர. இவருதான் முதன்முதலா எனக்கு நன்றி சொன்னவரு. ஆள் யாருன்னு தெரியல."

பழுப்பேறிய தாள். அச்செடுத்த மின்னஞ்சல். மேலே தேதியும் கிழமையும் நேரமும் இருந்தன. கீழே நான்கு வரி. தேர்தலுக்கு மறுநாள் திடீரென்று விடுமுறை அறிவித்தபோது உங்கள் நிரல் உடனே திருத்தப்பட்டிருந்தது, எங்கள் தொழிற்சாலையில் நூற்றிருபது பேருக்குச் சரியான நேரத்தில் சொல்ல முடிந்தது, நன்றி. ரவாங்கிலிருந்து. பெயர் இல்லை.

நான் கோப்பியைக் குடித்து முடித்தேன். வீட்டுக்குப் போய்ப் பழைய நாட்குறிப்புகள் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். 2018 மே 14, திங்கட்கிழமை: "விடுமுறை நிரல் எழுதியவருக்கு நன்றி சொல்லி மெயில் போட்டேன், 11.20. பெயர் போடவில்லை." அப்போது எனக்கு ரவாங்கில் அந்தத் தொழிற்சாலையில் வேலை. வெளியாள் எழுதிய நிரலைக் கேட்காமல் பொருத்தியது தெரிந்தால் அலுவலகத்தில் திட்டுவார்கள் என்று பயம். பொதுக் கணினியில் இருந்த ஒரு முகவரியிலிருந்து அனுப்பினேன். பிறகு அந்த முகவரியின் கடவுச்சொல்லே மறந்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத் தொழிற்சாலையை மூடினார்கள். அங்கிருந்த கணினிகளை எடை போட்டு எடுத்துப்போனதை நானே பார்த்தேன்.

ஆக, ரவாங்கில் யாரும் இல்லை. அவர் காத்திருந்த அந்த ஒருவர் நான். அடுத்த முறை பார்க்கும்போது சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12ஆம் தேதி வந்தார். "ஏழு இடமும் மாத்திட்டீங்களா?" என்று முதலில் கேட்டார். "செஞ்சிடுறேன்ணே," என்றேன். பிறகு ரவாங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் சொன்னதை நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன்: "அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. விசாரிச்சுச் சொல்றேன்." அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவர் அடுத்த மாதமும் வருவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பர் மூன்றாம் தேதி கடந்து போனது. ஒருவருக்கு இன்னும் சொல்லவில்லை என்று அவர் வெளியிடவில்லை.

செப்டம்பர் 16ஆம் தேதி நாங்கள் இருவரும் அந்த ஆளைத் தேடி ரவாங் போனோம். அன்று இரண்டு விடுமுறைகள் ஒரே நாளில் வந்திருந்தன. எனக்கு வேறு நாள் ஒழியாது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் சென்ட்ரல் நிலையம் வந்து, பிரிக்பீல்ட்ஸில் அவர் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் நல்ல வாயாடி.

"அக்கா, நீங்கதான் கிள்ளான் அக்காவா? ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருக்காரு, செப்டம்பர் பதினாறு பசியாற ஒருத்தங்க கூட வருவாங்க, ஒரு நாற்காலி கூட வேணும்னு."

"நான் வர்றதா சொன்னதே போன வாரம்தானே?" என்று அண்ணனைப் பார்த்தேன்.

"வந்தாலும் வருவீங்கன்னு சொல்லி வெச்சேன்மா."

"இவரு அப்படித்தான்கா. சீனிய நிறுத்தப் போறேன்னு ரெண்டு மாசம் முன்னாடியே நோட்டீஸ் குடுத்தாரு. நான் என்ன, சீனி ஃபேக்டரியா வெச்சிருக்கேன்? முடி வெட்டுறவன்கிட்ட போய், அடுத்த மாசத்திலேர்ந்து வகிடு இடப்பக்கம்னு சொல்லிட்டு வந்திருக்காரு. என் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறதுக்கு இந்த மாதிரி நோட்டீஸ் குடுத்தா, நான் ரெண்டு நாளுக்குச் சமைச்சாவது வெச்சிக்குவேன்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரிப்பதுபோல் உதட்டை அசைத்துவிட்டு ரொட்டி சானாயைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தார். சாப்பிடவில்லை.

ரவாங்கில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. அலுவலகங்கள் எல்லாம் பூட்டி இருந்தன. கடை கடையாக, பாதுகாவலர் கூண்டு கூண்டாகக் கேட்டுக்கொண்டு போனார். நான் பின்னால் குடையோடு நடந்தேன். ஒரு திருப்பத்தில் வலப்பக்கம் போகலாம் என்றேன். இடப்பக்கம் என் பழைய தொழிற்சாலை. அவர், "ரெண்டு பக்கமும் பார்த்துடலாம்மா," என்று இடப்பக்கமே திரும்பினார்.

எதிர்க் கட்டடத்தின் பாதுகாவலர் தமிழர். "பாஸ், லீவு நாளில லீவைப் பத்தி விசாரிக்க வந்த ஆள் நீங்க ஒருத்தர்தான்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அதோ, மூடிக் கிடக்குல்ல, அங்க ஒரு அக்கா இருந்தாங்க. லீவு லிஸ்ட்ட அளவுகோல் வெச்சுக் கோடு போட்டு கேட்ல ஒட்டுவாங்க. அவங்க பார்த்து ஒட்டினா தப்பே இருக்காது."

நான் குடையைத் தாழ்த்தினேன். அந்தக் காலத்தில் எனக்கு நீண்ட பின்னல். இப்போது தோள்வரை, பாதி நரை. பாதுகாவலர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்றார் அண்ணன்.

"தெரியாது பாஸ். ஃபேக்டரி மூடின அன்னைக்கு எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போனாங்க. அவங்க மட்டும் யார்கிட்டயும் சொல்லாம போயிட்டாங்க."

அண்ணன் குறிப்பேட்டை எடுத்து, ஒரு அக்கா, என்று எழுதினார். எழுதிய பிறகு அந்தப் பூட்டிய கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவில் பசை காய்ந்த தடம் நீள்சதுரமாக இன்னும் இருந்தது. அது எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியும்.

திரும்பும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். வண்டி நகர்ந்து கொஞ்சம் ஆன பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"ஒரு நாள் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன்மா. துணி காயப்போடுற கம்பியில என் துணி மட்டும் இருந்துச்சு. வீட்டுக்காரி துணியக் காணோம். எடுத்து மடிச்சு வெச்சிருப்பான்னு நெனச்சேன். அலமாரியத் திறந்து பார்க்கிற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா நான் தடுத்திருக்க மாட்டேன். தெரிஞ்சு இருந்திருப்பேன், அவ்வளவுதான்."

அப்போது சொல்லிவிட நினைத்தேன். அடுத்த நிலையத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்கு அடுத்ததிலும் அப்படியே. சென்ட்ரலில் அவர் இறங்கி, என் வண்டி புறப்படும் வரை நடைமேடையில் நின்றார்.

அக்டோபரில் ஜொகூர் மாநிலம் தன் வார விடுமுறையை மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. அதுவரை வெள்ளி, சனி. புத்தாண்டு முதல் சனி, ஞாயிறு. பழைய நிரலில் ஒரு மாநிலத்துக்கு ஒரு வார விடுமுறைதான். அது இடையில் மாறும் என்று எழுதும்போது அவர் நினைக்கவில்லை. மூன்றாம் பதிப்பில் அதற்கும் வழி செய்திருந்தார். ஜொகூருக்கு மட்டும் பழையதிலேயே மாற்றிக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். "மாத்தினா போன வருஷத்துத் தேதிய கேட்டாலும் ஞாயிறு லீவுன்னு சொல்லும்மா. நேத்து வரைக்கும் நிஜமா இருந்தது இன்னைக்கும் நிஜமா இருக்கணும்."

டிசம்பர் மூன்றாம் தேதி வெளியிடுவதாக இணையப் பக்கத்தில் எழுதினார். அந்தச் செவ்வாயும் போனது; ரவாங்கில் ஒருவருக்கு இன்னும் சொல்லவில்லை என்று எழுதி வைத்தார். அந்த இணையப் பக்கத்திலேயே ஆட்கள் திட்டத் தொடங்கினார்கள். டிசம்பர் 9ஆம் தேதி வந்தபோது அவரே தொலைபேசியைப் பார்த்து எனக்குப் படித்துக் காட்டினார்: "அங்கிள், ரவாங்ல ஒரு ஆளுக்காக ஊரையே நிறுத்தி வெப்பீங்களா? அந்த ஆள் செத்தே போயிருக்கலாம்லா."

"நல்லா எழுதுறான்," என்று சிரித்தார். "ஆனா இவன் கோவத்த எங்க வந்து சொல்லணும்னு இவனுக்குத் தெரியுது. ரவாங் அக்காவுக்கு அது தெரியாதே. ஒரு நாள் காலையில வந்து கம்ப்யூட்டர திறப்பாங்க, ஒண்ணும் ஓடாது. என்ன தப்பு செஞ்சோம்னு யோசிப்பாங்க." பிறகு வழக்கம்போல், "ஏழு இடமும் மாத்திட்டீங்களா?" என்றார்.

புத்தாண்டன்று புது நாட்குறிப்பைப் பிரித்து, பன்னிரண்டு மாதங்களின் இரண்டாவது திங்கட்கிழமைகளையும் கண்டுபிடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் "அண்ணன், 4.10" என்று பென்சிலால் எழுதி வைத்தேன்.

ஜனவரி 13. ஒட்டுக்கடையின் நாற்காலிகளில் மழைத்தண்ணீர் நின்றது. அவர் கைக்குட்டையால் இரண்டையும் துடைத்தார். உட்கார்ந்ததும் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். ஜொகூரில் ஒரு சின்ன உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். திட்டவில்லை. எங்கள் பழைய முன்பதிவுகளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு விழுந்துவிட்டது; கையால் திருத்தியதில் அது விட்டுப்போனது; பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் வாடகை வண்டியில் வந்து இறங்கி, பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்; அடுத்த கடைக்காரர் பார்த்துத்தான் எங்களுக்குச் சொன்னார்; புதிய பதிப்பு எப்போது வரும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

இரண்டு தடவை படித்தேன். அந்தப் படியை என்னால் பார்க்க முடிந்தது.

"பிப்ரவரி முதல் செவ்வாய்னு வெச்சிருக்கேன்மா," என்றார் அவர். குரல் இறங்கி இருந்தது. "அதுக்குள்ள ரவாங்ல இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டா..."

"அண்ணே, ரவாங்ல யாரும் இல்ல."

"என்னம்மா?"

"அந்த மெயில் நான் போட்டது. அந்த கேட்ல லிஸ்ட் ஒட்டினது நான்தான். ஃபேக்டரியும் இல்ல, அந்த கம்ப்யூட்டரும் இல்ல. உங்க புரோகிராம அங்க யாரும் ஓட்டல."

அவர் கண்ணாடிக் குவளையை மேசையில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஜூலை எட்டு. நீங்க தாளைக் காட்டின அன்னைக்கே வீட்ல போய் டைரியப் பார்த்தேன்."

"ஆகஸ்ட்," என்றார். "செப்டம்பர். அக்டோபர். நவம்பர். டிசம்பர். ஜனவரி." ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விரல். ஆறு. "மழையில என்கூட நின்னீங்களே."

"நின்னேன்."

"ஏன்மா சொல்லல?"

"சொன்னா நீங்க வெளியிட்டுடுவீங்க. அப்புறம் வரமாட்டீங்க."

பக்கத்து மேசையில் யாரோ பில் கேட்டார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடி குவளையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோப்பைத் திறந்து, கடைசிப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். ஜூனிலிருந்து உள்ளேயே இருந்து அதன் விளிம்புகள் மங்கியிருந்தன. மேலே "ரவாங், முதலில் நன்றி சொன்னவருக்கு" என்று எழுதியிருந்தது. இந்த உறையில் மட்டும் நான்கு மூலைகளிலும் மஞ்சள்.

எழுந்து நின்றார். நானும் எழுந்தேன். இரண்டு கையாலும் நீட்டினார்.

"வெர்ஷன் மூணு வருது, மேடம். மாநிலத்தைச் சொல்லாம கேட்டா இனிமே பதில் வராது. தயாரா இருங்க."

ஏழு மாதமாக என்னை அம்மா என்று அழைத்த வாயிலிருந்து அந்த மேடம் வந்தது. நான் உறையை வாங்கிக்கொண்டேன்.

"எப்ப வெளியிட்டா உங்களுக்குச் சௌகரியம்?"

"நாளைக்கு," என்றேன்.

"நாளைக்குச் செவ்வாய்," என்றார் தனக்குள். ஜனவரி என்பதை அவரும் நினைத்திருப்பார். சொல்லவில்லை. "சரி. ஒன்பது மணி."

கோப்பை மூடினார். தே ஓ பாதிக்கு மேல் இருந்தது. இரண்டு அடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"பிப்ரவரி பத்தாம் தேதி நான் வரமாட்டேன்மா. அதுக்கப்புறமும் வரமாட்டேன். வழக்கமா ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லுவேன். இந்த முறை ஒரு மாசம்தான் குடுக்க முடியுது. மன்னிச்சிடுங்க."

அவர் சொன்னது போலவே நடந்தது. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. மூன்றாம் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு இன்றும் இணையத்தில் இருக்கிறது. மாற்றங்களின் பட்டியல் முடிந்த பிறகு, கடைசியில் தனியாக ஒரு வரி: தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

ஜனவரி 13 அன்று வீட்டுக்கு 5.30க்கு வந்தேன். இரவு உணவு இல்லை. உறையைப் பிரிக்கவில்லை; உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். நாட்குறிப்பை எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை, தைப்பொங்கல். 4.45க்கு எழுந்தேன். பக்கத்து வீட்டில் பானை வைக்கும் சத்தம் கேட்டது. 5.40க்கு மையத்தைத் திறந்து, விளக்குகளைப் போடுவதற்கு முன்பே கணினியைப் போட்டு, ஏழு இடங்களிலும் சிலாங்கூர் என்று சேர்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.